பெயர்ப் பலகை: எழுத்துக்கு முன்னால் ஆணியைப் பார்!

குருவிகுளத்தில் ஒருவர் புதிதாகக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாடகை பேசியாயிற்று, அலமாரி வந்தாயிற்று, நல்ல நாளும் பார்த்தாயிற்று. பாக்கி இருப்பது போர்டு மட்டும்தான். கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ பஸ் ஏறுகிறார். டிசைன் செய்கிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து சிவப்பா மஞ்சளா, முருகன் படம் இடது பக்கமா வலது பக்கமா, செல் நம்பர் எவ்வளவு பெரிசு என்று ஒரு மணி நேரம் பேசுகிறார். பிறகு "சதுர அடி என்ன ரேட்?" என்று ஒரு நிமிடம் பேச்சு. அவ்வளவுதான்! அந்தப் போர்டு எங்கே மாட்டப்படும், எதைக் கொண்டு மாட்டப்படும், அந்தச் சுவர் தாங்குமா என்று அவரும் கேட்பதில்லை, போர்டு செய்கிறவரும் சொல்வதில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இரவு ஒருவர் ஏணியோடு வருவார். கையில் கிடைத்த கம்பியால் கட்டிவிட்டுப் போவார்.

இந்த வரிசை தலைகீழானது. போர்டு என்பது தலைக்கு மேல் தொங்குகிற ஒரு கட்டுமானம். வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தைப் பேசி முடித்த பிறகுதான் பெயிண்ட் நிறத்தைப் பேசுவார். போர்டு வைக்கிறவரும் சுவர், காற்று, ஆணி என்று தொடங்கி, அதற்குத் தகுந்த பொருளைத் தேர்ந்து, கடைசியாக எழுத்துக்கும் நிறத்துக்கும் வர வேண்டும். குருவிகுளம் போன்ற ஊருக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். காரணம் இரண்டு: ஒன்று அந்த ஊர்க் காற்று, இன்னொன்று அந்த ஊர் மண்.

காற்றின் கணக்கு

சங்கரன்கோவிலில் இருந்து கோவில்பட்டி, கயத்தாறு வரை உள்ள கரிசல் வெளியில் காற்றாலைகள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்தாலே போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் பாய்கிறது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசிய நிலையமே கயத்தாற்றில்தான் இருக்கிறது. கோடிக் கணக்கில் பணம் போட்டுக் காற்றைத் தேடி வருகிறார்கள். அதே காற்று வீசும் ஊரில், காற்றே இல்லாதது போல் போர்டு மாட்டுகிறார்கள்!

கட்டடங்களின் மீது காற்று எவ்வளவு அழுத்தும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய ஏட்டில் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. காற்றின் வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற அழுத்தம். 10 அடி நீளம், 4 அடி உயரம் உள்ள சாதாரணக் கடைப் போர்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது:

மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் சுமார் 23 கிலோ தள்ளல்.
மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றில் சுமார் 90 கிலோ.
மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றில் சுமார் 205 கிலோ.

வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதுதான் இந்தக் கணக்கில் முக்கியம். ஆடி மாதத்துச் சாதாரணக் காற்றில் அசையாமல் நின்ற போர்டு, சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் சுழன்றடிக்கிற ஒரு காற்றில் பிய்த்துக்கொண்டு போவதற்கு இதுவே காரணம். "இத்தனை நாள் நின்றதே" என்பது போர்டு விஷயத்தில் ஒரு சமாதானமே இல்லை.

இது பெரிய நகரத்துப் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த ராட்சத விளம்பரப் பலகை 17 பேரைக் கொன்றது. 40 அடிக்கு 40 அடி என்ற வரம்பு இருக்க, அது ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி! 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே பலகை ஏற்றும்போதே சாரம் சரிந்து 3 தொழிலாளிகள் இறந்தார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த கல்யாணப் பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. முதல் பலகை பல டன் எடை. கடைசிப் பேனரோ ஒரு ஆள் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகிற எடை. கனமான போர்டுதான் ஆபத்து என்ற நினைப்பை அந்த ஒரு சம்பவமே பொய்யாக்கிவிட்டது.

மண்ணும் சுவரும்

அடுத்தது மண். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். கோடையில் அதன் வெடிப்புக்குள் கையே போகும். இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் போல அகன்ற ஒரு தனி வகைத் தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. ஆனால் ஊர் எல்லையில் வைக்கிற வழிகாட்டிப் பலகைக்கோ பள்ளிக்கூடப் பலகைக்கோ ஒன்றரை அடிக் குழி தோண்டி, பைப்பை நட்டு, தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டு மிதித்துவிடுகிறார்கள். முதல் மழைக்கு மண் இளகும், அடுத்த கோடைக்குப் பைப்பைச் சுற்றி இடைவெளி விழும், மூன்றாவது வருஷம் பலகை மரியாதையாகக் குனிந்து வணக்கம் சொல்லும்!

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒற்றைக் காலுக்குப் பதில் இரண்டு கால் வைக்கலாம். குழியை ஆழமாக எடுத்துக் கரிசலை வெளியே தள்ளிவிட்டு, அடியில் சரளை போட்டு, மேலே கான்கிரீட் நிரப்பலாம். பைப்பின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்தால் சுழலாது, மேலே பிடுங்கிக்கொண்டும் வராது. கான்கிரீட்டின் மேல் முகத்தைத் தரைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, நாலு பக்கமும் சரிவாகப் பூசினால் பைப்பின் கால் தண்ணீரில் ஊறித் துருப்பிடிக்காது.

சுவரில் மாட்டுவதானால் எந்தச் சுவர் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான கடைப் போர்டுகள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டப்படுகின்றன. அது தனியாக நிற்கும் மெல்லிய சுவர். பத்தடிப் போர்டு வாங்குகிற காற்றை அது தாங்கும் என்று நம்ப முடியாது. போர்டோடு சுவரும் சேர்ந்து விழுவது அதனால்தான். ஃப்ரேமை கான்கிரீட் பீம், தூண் இவற்றில் பிடிக்க வேண்டும். கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவரில் அதே போல்ட் விரிந்து செங்கல்லையே உடைத்துவிடும். அங்கே சுவரைத் துளைத்து, மறுபக்கம் தகடு வைத்து நட்டு முடுக்குவதுதான் வழி. இரண்டு செங்கல்லுக்கு நடுவே பூச்சில் அடித்த ஆணி ஆணியே அல்ல.

எந்தப் பொருள் எதற்கு?

இப்போதுதான் பொருளுக்கு வர வேண்டும். கடைகளில் கிடைக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

ஃப்ளெக்ஸ்: பாலியஸ்டர் வலைமேல் பி.வி.சி. பூசிய துணி. சீக்கிரம் கிடைக்கும், விலை குறைவு, போட்டோ அப்படியே வரும். ஆனால் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் ஒரு பாய்மரம். கட்டிய நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும், கம்பியோ துணியை அறுக்கும். நிறமும் நிற்காது. மைகளில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் மட்டும் நிற்கும். பழைய ஃப்ளெக்ஸில் தலைவர், நடிகர், மாப்பிள்ளை என்று எல்லோரும் நீல நிறத்தில் இருப்பது இதனால்தான். கழித்துப்போட்ட பிறகு அதை எரித்தால் அமிலப் புகையும் டயாக்சின் என்ற நச்சும் வரும். கேரள அரசு 2019-இல் பி.வி.சி. ஃப்ளெக்ஸுக்குத் தடை போட்டது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களைத் தடை செய்தது. மூன்று நாள் திருவிழாவுக்கு வைத்து நாலாம் நாள் கழற்றுவது என்றால் ஃப்ளெக்ஸ் சரி என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்ளலாம். பத்து வருஷம் நிற்க வேண்டிய கடைக்கு அது பொருளே அல்ல.

ஏ.சி.பி. தகடு: இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக். பார்க்கப் பளபளப்பு, எடை குறைவு. இதை இரும்புச் சட்டத்தில் வெறும் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டுவது ஆபத்து. ரிவெட்டோ திருகோ வேண்டும். பெரிய கட்டடத்தின் முகம் முழுக்க ஒட்டுகிறவர்கள் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தீப்பிடிக்காத ரகமா என்றும் கேட்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் இறந்த தீ, வெளிச்சுவரில் இருந்த இந்த வகைத் தகட்டின் வழியாகத்தான் அவ்வளவு வேகமாகப் பரவியது.

அக்ரிலிக்: உள்ளே விளக்கு வைத்த எழுத்துக்கு இதைவிட அழகான பொருள் இல்லை. ஆனால் சூட்டில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு நீளும். 8 அடித் தகடு, விடிகாலைக் குளிர்ச்சிக்கும் நடுப்பகல் சூட்டுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். திருகின் கனத்துக்குச் சரியாகத் துளை போட்டு இறுக்கினால் துளையில் இருந்து விரிசல் கிளம்பும். துளை கொஞ்சம் பெரிதாக, வாஷர் வைத்து, லேசாக முடுக்க வேண்டும். விளக்குப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் அவசியம்.

ஜி.ஐ. தகடும் எனாமல் பெயிண்டும்: பழைய முறை, இன்றும் நல்ல முறை. ஒரே எச்சரிக்கை, புதுத் துத்தநாகத் தகட்டில் நேரடியாக எனாமல் அடித்தால் பிடிக்காது, செதில் செதிலாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

சுவரிலேயே எழுதுவது: எல்லாவற்றிலும் மலிவு. காற்றுக்கு விழாது, திருட்டுப் போகாது. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை புரியும். கான்கிரீட் பலகை, இரண்டு தூண், கறுப்பு எழுத்து. வெளுத்தால் மறுபடி ஒரு கை பெயிண்ட். அவ்வளவே!

ஒரு புள்ளியின் கதை

வெட்டு எழுத்து, அதாவது அக்ரிலிக்கிலோ ஸ்டீலிலோ ஒவ்வொரு எழுத்தாக வெட்டி ஒட்டும் போர்டு, இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. இதில் தமிழுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே துண்டு. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு. அது சின்னது என்பதால் அதற்கு ஒரே ஒரு டேப்போ ஒரு சொட்டுப் பசையோதான் கிடைக்கும். எனவே முதலில் விழுவதும் அதுதான். 'குருவிகுளம்' என்று வைத்தது ஆறு மாதத்தில் 'குருவிகுளம' ஆகிவிடும். 'சங்கரன்கோவில்' என்ற பெயரில் மூன்று புள்ளிகள். 'குருவிகுளம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்' என்று எழுதினால் நான்கு. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாமும் தனித்தனித் துண்டுகள்தான்.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்று 5:3:2 விகிதம் சொல்லப்படுகிறது. சட்டம் போட்டுத் தமிழைப் பெரிதாக்கிய பிறகு, ஆங்கிலத்துக்கு ஏற்ற முறையில் மாட்டித் தமிழ்ப் புள்ளியைக் கீழே விடுவது என்ன நியாயம்? புள்ளிக்குப் பின்னால் ஒரு மரை ஆணி வைக்கலாம். அல்லது எழுத்தையும் புள்ளியையும் ஒரே பின்தகட்டில் பிடித்து, அந்தத் தகட்டை மாட்டலாம். இதை வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பழுது பார்க்க முடியுமா?

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. குருவிகுளத்துக்கு இது வெறும் தத்துவம் இல்லை. 1986-இல் பழைய திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பகுதியின் மாவட்டப் பெயரில் கட்டபொம்மன் சேர்ந்தார். 1997-இல் மாவட்டங்களில் இருந்து தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டு மறுபடி திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் பிறந்தது. 33 வருஷத்தில் மூன்று தடவை! அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், ரேஷன் கடை என்று மாவட்டப் பெயர் எழுதிய பலகைகள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் பழசாகிப்போயின. பெயிண்டில் எழுதிய பலகையில் கடைசி வரியை அழித்து எழுதினால் வேலை முடிந்தது. அச்சடித்த பலகையில் மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பலகையையும் தூக்கிப்போட வேண்டும். ஊராட்சிப் பணத்தில் செய்கிற பலகைக்கு எது நல்லது என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எழுதுகிற கைக்கும் இந்த மண்ணில் பஞ்சம் இருந்ததில்லை. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த கொண்டைய ராஜு 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்தி, சீடர்களை வளர்த்தார். சிவகாசியில் அச்சான அவர்களுடைய சாமிப் படக் காலண்டர்கள் இல்லாத வீடே இல்லை என்ற காலம் இருந்தது. போர்டின் மூலையில் சின்னதாக '... ஆர்ட்ஸ்' என்று கையெழுத்துப் போட்ட பெயிண்டர்கள் பிறகு ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தூரிகைகளை ஓரம் கட்டியது.

"பெயிண்டரைத் தேடி யார் அலைவது, அவர் நாலு நாள் எடுப்பார், ஃப்ளெக்ஸ் என்றால் நாலு மணி நேரம்" என்பது மறு தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சின்னக் கடைக்காரருக்கு முதல் மாதம் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளெக்ஸ் மாற்றுகிறவர் பத்து வருஷத்தில் ஐந்து முறை அச்சடித்த கூலியும் ஐந்து முறை ஏற்றிய கூலியும் கொடுக்கிறார். சுவரில் எழுதியவர் நடுவில் ஓரிரு முறை மேல்பூச்சு கொடுக்கிறார். 'மலிவு' என்பது எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட்டால் விடை தானாக மாறிவிடும். கம்ப்யூட்டரில் வடிவமைத்து, அதைக் கோடாக வெட்டி எடுத்து, சுவரில் பெயிண்டால் நிரப்புகிற வழியும் இருக்கிறது. புதுமையும் பழமையும் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

என்ன செய்யலாம்?

ஒன்று. போர்டுக்கு விலை கேட்கும்போது பலகைக்கு ஒரு வரி, மாட்டுவதற்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். எத்தனை போல்ட், என்ன கனம், எதில் பிடிக்கப்படும், குழி எவ்வளவு ஆழம் என்பது அந்த இரண்டாவது வரியில் இருக்க வேண்டும். தனி வரி இல்லாவிட்டால் ஓசிக் கம்பிதான் வரும்.

இரண்டு. போர்டின் மூலையில் மாட்டிய தேதியும் மாட்டியவர் பெயரும் இருக்க வேண்டும். அந்தக் காலப் பெயிண்டர் பெருமைக்காகப் போட்ட கையெழுத்து, இனிப் பொறுப்புக்காகவும் இருக்கட்டும்.

மூன்று. ஒவ்வொரு வருஷமும் காற்றுக் காலத்துக்கு முன், அதாவது சித்திரையிலேயே, ஒரு தடவை ஏணி போட்டு ஏறிப் போல்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். துரு, விரிசல், தளர்வு மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நான்கு. ஊராட்சியும் பள்ளிகளும் தங்கள் நிரந்தரப் பலகைகளை சிமெண்டுப் பூச்சிலோ ஜி.ஐ. தகட்டிலோ பெயிண்டில் எழுதட்டும். உள்ளூர் ஆளுக்கு வேலையும் கிடைக்கும், பெயர் மாறினாலும் செலவு குறையும்.

குருவிகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கழுகுமலை. அங்கே பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. 1,200 வருஷங்கள் ஆயிற்று, இன்றும் நிற்கின்றன. எல்லோரும் கடைப் பெயரைப் பாறையில் வெட்ட முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சிற்பிகள் எழுதுவதற்கு முன்னால் எதில் எழுதுகிறோம் என்று பார்த்தவர்கள்.

கடைக்குப் போர்டு எதற்கு? வருகிறவரை அழைக்க. அழைத்த ஆளின் தலையில் விழாமல் இருப்பதுதானே அதன் முதல் மரியாதை!